வெயிலில் நின்றுபோகும் கார்: காரணம் தெரிந்த பிறகு காசு செலவழிப்போம்

(சொந்த வண்டி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்களுக்காக நமது அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் பிரிவு நடத்திய கூட்டத்தில், மோட்டார் மெக்கானிக் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



அழைப்பிதழில் 'வாகனப் பராமரிப்பு' என்று போட்டிருக்கிறார்கள். அது பெரிய கடல். நான் ஒரே ஒரு நோயைப் பற்றித்தான் பேசப் போகிறேன். காலையில் நன்றாக ஓடுகிற கார், மதியம் வெயில் ஏறியதும் ஓட்டத்திலேயே ஆஃப் ஆகிவிடுகிறது. செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தி வைத்தால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக ஓடுகிறது. அக்னி நட்சத்திரம் தொடங்கும் சமயத்தில் வருகிற ரிப்பேர் கடன் விண்ணப்பங்களில் இந்தப் புகார்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்று கடன் பிரிவுப் பொறுப்பாளர் சொன்னார். அதனால்தான் இந்தத் தலைப்பு.

போன கோடையில் வந்த ஒரு விண்ணப்பத்தைச் சொல்கிறேன். பெயரும் தெருவும் வேண்டாம். அந்தச் சகோதரர் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, இங்கிருந்து சென்னை விமான நிலையத்துக்குச் சவாரி ஓட்டுகிறார். வண்டி வெயிலில் நிற்க ஆரம்பித்தது. முதலில் பேட்டரியை மாற்றினார்கள். அடுத்து பிளக். அடுத்து காயில். அதற்கும் அடுத்து டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப். மொத்தம் இருபத்தோராயிரம் ரூபாய் போயிற்று, நோய் போகவில்லை. கடைசியில் எஞ்சின் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும், இன்னும் முப்பத்தைந்தாயிரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தொகைக்குத்தான் கடன் கேட்டு வந்தார். வீட்டுக்காரியின் வளையல் அதற்கு முன்பே அடகுக் கடைக்குப் போய்விட்டது. விமானத்தைத் தவறவிட்ட ஒரு பயணிக்கு டிக்கெட் பணமும் கொடுக்க வேண்டி வந்திருக்கிறது.

கையெழுத்துப் போடுமுன் பொறுப்பாளர் என்னை வண்டியைப் பார்க்கச் சொன்னார். நான் காலையில் பார்க்க மாட்டேன், லுஹர் தொழுதுவிட்டு ஒன்றரை மணிக்கு வாருங்கள் என்றேன். ஏசியைப் போட்டுக்கொண்டு திண்டிவனம் பக்கம் ஓட்டிப் போனோம். நாற்பது நிமிடத்தில், நான்காவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்தது. அவர் கிளட்ச்சை மிதிக்கப் போனார். 'மிதிக்காதீர்கள், ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள்' என்றேன். வண்டி இன்னும் உருண்டுகொண்டிருந்தது, முள் மட்டும் சட்டென்று பூஜ்யத்தில் படுத்துவிட்டது.

இதில்தான் விஷயம் இருக்கிறது, கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். கியரில் இருக்கும் வண்டி உருண்டால், சக்கரமே எஞ்சினைச் சுற்றும். பெட்ரோல் வராவிட்டாலும் எஞ்சின் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், வண்டியின் வேகம் குறையக் குறைய முள்ளும் மெதுவாக இறங்கும். இங்கே எஞ்சின் சுற்றுகிறது, முள்ளோ சுற்றவில்லை என்கிறது. அப்படியென்றால், எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற உறுப்பு ஊமையாகிவிட்டது. அதன் பெயர் கிராங்க் சென்சார். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அந்த வண்டியில் இருந்த வகைக்குள் தலைமுடிபோல மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். பல வருட வெப்பத்தில் அந்தக் கம்பி எங்கோ விரிசல் விட்டிருக்கும். சூடாகும்போது விரிசல் விலகும், ஆறும்போது மறுபடி ஒட்டிக்கொள்ளும். அது பேசாவிட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் நிறுத்தும், நெருப்பையும் நிறுத்தும். ஓரமாக நிறுத்தி, கியர்பாக்ஸ் ஓரத்தில் இருந்த அந்தச் சென்சார்மீது மட்டும் மெல்லக் குடிதண்ணீரை ஊற்றினேன். இரண்டு நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனது. பிறகு மீட்டர் வைத்து, ஆறிய நிலையிலும் சூடான நிலையிலும் அளந்து உறுதி செய்தோம். புதுச் சென்சார் இரண்டாயிரத்துக்கும் குறைவு. கடனே தேவைப்படவில்லை.

எல்லா வண்டிக்கும் கிராங்க் சென்சார்தான் காரணம் என்று எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அதுவும் குருட்டு வைத்தியம்தான். வெயிலில் நிற்பதற்குக் காரணம் பல. பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியது மூன்று: காற்று, பெட்ரோல், சரியான நேரத்தில் நெருப்பு. மூன்றில் எது அறுந்தது என்று அந்த நேரத்திலேயே, வண்டி நின்றிருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். வெயிலில் வந்த நோயை நிழலில் தேடினால் அகப்படாது. ஆறிய வண்டியைப் பார்த்து 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லும் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது நல்லாத்தான் இருக்கும்.

இங்கே பெரியவர்கள் சிலர் அம்பாசடரும் பத்மினியும் ஓட்டியவர்கள். அவர்களுக்கு இந்த நோய் பழைய நண்பன். 1957-இல் வந்து 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடரில், பெட்ரோல் பம்ப் எஞ்சின்மேலேயே பொருத்தியிருக்கும். டேங்கோ பின்னால். பம்ப் பெட்ரோலை முன்னால் இருந்து உறிஞ்சி இழுக்க வேண்டும். கோடையில் திருவண்ணாமலைப் பாதையில் செஞ்சி தாண்டும்போது வண்டி இருமி இருமி நிற்கும். டிரைவர் இறங்கி, ஈரத்துணியைப் பம்ப்மேல் சுற்றி, பீடி பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பெட்ரோல் வண்டிப் பக்கத்தில் பீடி, அது வேறு கதை! ஆனால் அந்த ஈரத்துணி வைத்தியம் முட்டாள்தனம் இல்லை, சரியான விஞ்ஞானம்.

தாய்மார்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். குக்கரில் வெயிட் போட்டால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி, ஏறக்குறைய 120 டிகிரி வரைக்கும் போகும், அதனால் கறி சீக்கிரம் வேகும். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு, அங்கே தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். பெட்ரோலும் அப்படித்தான். அது ஒரே பொருள் இல்லை, பல எண்ணெய்களின் கலவை. அதிலுள்ள லேசான பகுதி 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும். உறிஞ்சுகிற குழாயில் அழுத்தம் குறைவு, பக்கத்தில் எஞ்சின் சூடு. பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்துக் குமிழியாகிவிடும். பம்ப் திரவத்தைத் தள்ளும், ஆவியைத் தள்ளாது. இதைத்தான் 'வேப்பர் லாக்' என்பார்கள். ஈரத்துணியில் இருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது பம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நம் வீட்டு மண்பானை தண்ணீரைக் குளிர வைப்பதும் இதே வழியில்தான். கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800, ஆம்னி வைத்திருப்பவர்கள் இப்போதும் இதைப் பார்க்கலாம். பெட்ரோல் குழாய் சைலன்சர் குழாய்க்கு அருகில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரிப்பேருக்குப் பிறகு வெப்பத் தடுப்புத் தகட்டை மறுபடியும் மாட்டாமல் விட்டுவிடுகிறார்கள். அதைக் கேட்டு வாங்கி மாட்டச் சொல்லுங்கள்.

இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. உறிஞ்சுவதில்லை, தள்ளுகிறது. குழாயில் சாதாரணமாக 3 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். குக்கர் கணக்குப்படி கொதிநிலை ஏறிவிடுவதால் வேப்பர் லாக் அபூர்வம். ஆனாலும் ஒரு தொல்லை உண்டு. கடலூரிலிருந்து வெயிலில் ஓட்டி வருகிறீர்கள். நேராகப் பள்ளிக்குப் போய் வண்டியை நிறுத்திவிட்டு ஜும்ஆ தொழுகிறீர்கள். ஓடும்போது தண்ணீரும் காற்றும் எஞ்சின் சூட்டை எடுத்துக்கொண்டே இருந்தன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிட, பானெட்டுக்குள் சூடு இறங்காது, முதலில் ஏறத்தான் செய்யும். தொழுதுவிட்டு வந்து சாவி போட்டால் வண்டி நீளமாகச் சுற்றி, இருமிப் பிடிக்கிறது. அல்லது பிடிக்கவே இல்லை. இப்படி நடந்தால் செல்ஃப் அடிப்பதற்கு முன் சாவியை 'ஆன்' வரைக்கும் மட்டும் திருப்பி, இரண்டு விநாடி பொறுத்து, ஆஃப் செய்யுங்கள். மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால், நிறுத்தி வைத்த நேரத்தில் குழாயின் அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று பொருள். பம்பில் உள்ள வால்வையோ, கசியும் இன்ஜெக்டரையோ சந்தேகிக்கலாம். பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுப் பக்கம் 'ம்ம்ம்' என்று இரண்டு விநாடி ஒரு சத்தம் வருமே, அதுதான் பம்ப். பெரும்பாலான கார்களில் காதை வைத்தால் கேட்கும். வீட்டில் நிற்கும்போது இன்றே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். நல்ல நாளில் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான், வண்டி வழியில் நிற்கும்போது அது இல்லை என்பது தெரியும். சத்தம் இல்லையென்றால் பம்பாகவும் இருக்கலாம், பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேவாகவும் இருக்கலாம், வயர் கனெக்டராகவும் இருக்கலாம். நம் ஊர் கடற்காற்று கனெக்டருக்குள் பச்சைப் பாசிபோலப் பிடித்துவிடும். ரிலேக்குள் ஈயப் பற்றவைப்பு விரிசல் விட்டிருந்தால் அதுவும் சூட்டில்தான் விலகும். ரிலே சில நூறு ரூபாய். அதைப் பார்க்காமல் பம்பை மாற்றுவது அநியாயம்.

பம்ப் பற்றி இன்னொன்று. டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான் பம்பைக் குளிர வைக்கிறது. பெங்களூரு, சென்னைக்காரர்கள் விலை குறைவென்று நம் ஊரில் டேங்கை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். நாமோ இதே ஊரில் இருந்துகொண்டு 'நூறு ரூபாய்க்குப் போடு' என்கிறோம். கோடையில் முள் எப்போதும் சிவப்புக் கோட்டிலேயே கிடந்தால் பம்ப் சூடேறி ஆயுள் குறையும். கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் இப்படி ஆகிறது என்று ஒரு பேச்சு இருக்கிறது. பாதி உண்மை. எத்தனால் கலந்தால் பெட்ரோலின் ஆவியாகும் தன்மை சற்றுக் கூடும். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. 20 சதவீதக் கலவையைத் தாங்கும் பொருட்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலிலிருந்துதான். அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் ரப்பர் குழாய்களை வருடம் ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ கசிவோ இருந்தால் மாற்றுங்கள். ஆனால் நன்றாக ஓடிய இன்ஜெக்‌ஷன் கார் திடீரென்று நின்றால், எத்தனாலின்மேல் பழியைப் போட்டுவிட்டுச் சோதனையை நிறுத்திவிடாதீர்கள்.

டேங்க் மூடியில் காற்று போக ஒரு வழி இருக்க வேண்டும். அது அடைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வராது. பழைய கார்களிலும் இருசக்கர வண்டிகளிலும் இது நடக்கும். வண்டி நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, அதன்பின் வண்டி ஸ்டார்ட் ஆனால் நோய் அகப்பட்டது. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

ஓட்டத்தில் நிற்காமல், சிக்னலில் மட்டும் ஏசியோடு நிற்கிறதா? சனி, ஞாயிறுகளில் ராஜீவ் காந்தி சிலை சந்திப்பில் சுற்றுலா வண்டிகளோடு மாட்டிக்கொள்ளும்போது இதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் வேறு வகை. கம்ப்ரசர் எஞ்சின்மேல் பாரத்தைப் போடும்போது, அதற்கு ஈடாகக் கொஞ்சம் கூடுதல் காற்று உள்ளே போக வேண்டும். திராட்டில் பாடியில் கரி படிந்திருந்தால் காற்று போதாமல் அணைந்துவிடும். சுத்தம் செய்தாலே சரியாகலாம். கூடவே பானெட்டைத் திறந்து, ஏசி போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் டெம்பரேச்சர் முள் சரியாக இருந்து, நெரிசலில் மட்டும் ஏறினால் முதல் சந்தேகம் ஃபேன்மேல்தான்.

அந்த முள் மேலே ஏறியபின் வண்டி நின்றால், இதுவரை சொன்ன எதையும் செய்யாதீர்கள். அது எஞ்சின் கொதித்த கேஸ். ஸ்டார்ட் செய்யவே கூடாது, ஹெட் கேஸ்கெட் போய்விடும், செலவு ஆயிரங்களில் நிற்காது. ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அதுவும் ஒரு குக்கர்தான், உள்ளே 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர் மூடி திறந்த நொடியில் சீறி முகத்தில் அடிக்கும். குக்கரில் ஆவி அடங்குமுன் மூடியைத் திறக்கக் கூடாதென்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோமே, அதே விதிதான். கையால் தொட முடிகிற அளவுக்கு ஆற வேண்டும். போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவதை விட்டுவிடுங்கள். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பேறிக் கிடக்கிறது. பாத்திரத்தில் வெள்ளை படிவதைப் பார்க்கிறீர்களே, அது ரேடியேட்டருக்குள்ளும் படியும். கூலண்ட் ஊற்றுங்கள்; கலக்க வேண்டுமென்றால் காய்ச்சி வடித்த நீர்.

பணத்தைப் பற்றியே பேசுகிறேன், உயிரைப் பற்றியும் பேச வேண்டும். ஈசிஆரில் எண்பதில் போகும்போது எஞ்சின் அணைந்தால் ஸ்டீயரிங் கனத்துவிடும், ஆனால் திரும்பும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் மிச்சமிருக்கும். ஆகவே விட்டுவிட்டு மிதிக்காதீர்கள். ஒரே அழுத்தாக, சீராக மிதித்து இடது ஓரத்துக்கு வாருங்கள். ஓட்டத்தில் சாவியை உருவாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நான்கு பக்க விளக்கைப் போடுங்கள். எல்லோரும் இடதுபக்கக் கதவு வழியாக இறங்கி, சாலையை விட்டுத் தள்ளி நில்லுங்கள். 'ஏசி குளிர் கொஞ்சம் இருக்கு, நீங்க உள்ளேயே இருங்க' என்று குழந்தைகளையும் வயதானவர்களையும் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் விடாதீர்கள். கோடை வெயிலில் மூடிய காருக்குள் சில நிமிடங்களில் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். 'வண்டி சும்மா ரெண்டு தடவைதான் நின்னுது' என்று சொல்லிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளைச் சவாரி ஏற்றிப் போகிறவர்கள் அதை இன்றோடு நிறுத்த வேண்டும். காரணம் தெரியும் வரைக்கும் அந்த வண்டியில் பிள்ளைகள் ஏறக் கூடாது.

மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது? சண்டை வேண்டாம். நானும் அந்தத் தொழில்காரன்தான். 'எந்தப் பார்ட்டை மாத்தணும்?' என்று கேட்காதீர்கள். 'என்ன டெஸ்ட் செய்து பார்த்தீங்க, என்ன காட்டுச்சு?' என்று கேளுங்கள். 2013-க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் ஸ்கேனர் மாட்டலாம். பி 0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் சுற்றில் கோளாறு என்று பொருள். சுற்று என்றால் வயரும் கனெக்டரும் சேர்ந்ததுதான், சென்சார் மட்டும் இல்லை. கோடு எதுவும் பதிவாகாமலும் இந்த நோய் இருக்கலாம். அப்போது ஸ்கேனரை மாட்டியபடியே வெயிலில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேட்டால் மனமுவந்து கொடுங்கள். நம் ஆட்கள் பார்ட்டுக்கு ஐயாயிரம் கொடுப்பார்கள், சோதனைக்கு ஐந்நூறு கேட்டால் முகம் சுளிப்பார்கள். அதனால்தான் மெக்கானிக்கும் சோதிக்காமல் மாற்றிவிடுகிறார். மாற்றிய பழைய பார்ட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள் காலை ஏழு மணிக்குப் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறீர்கள். மதியம் போங்கள். ஏசி போட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். நிறுத்திவிட்டு டீ குடியுங்கள். கால் மணி கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். தயங்காமல் பிடித்தால் மேற்கொண்டு பேசலாம். விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெயிலில் நிற்கும் வண்டியை டிசம்பரில் சத்தமில்லாமல் விற்றுவிடுகிறார்கள். குறையை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

டீசல் வண்டிக்காரர்கள் முகம் வாடுகிறது, தெரிகிறது. டீசலுக்கு பிளக் கிடையாது, வேப்பர் லாக் தொல்லையும் பெரிதாகக் கிடையாது. சூட்டில் டீசல் நீர்த்துப்போவதால், தேய்ந்த உயர் அழுத்தப் பம்பும் இன்ஜெக்டரும் போதிய அழுத்தத்தை எட்டாமல் வண்டி நிற்கலாம். கிராங்க் சென்சார் அவற்றிலும் உண்டு. முதலில் டீசல் ஃபில்டரையும், காற்றுப் புகும் குழாய் இணைப்புகளையும் பாருங்கள். மீதியைத் தனியாக இன்னொரு நாள் பேசலாம்.

இனிமேல் ரிப்பேர் கடன் விண்ணப்பத்தோடு ஒரு தாள் கொடுப்பார்கள். வண்டி நின்றது எத்தனை மணிக்கு, கிளம்பி எத்தனை கிலோமீட்டரில், ஏசி ஓடியதா, பெட்ரோல் எவ்வளவு, டெம்பரேச்சர் முள் எங்கே, ஆர்பிஎம் முள் சட்டென்று விழுந்ததா மெதுவாக இறங்கியதா, பம்ப் சத்தம் கேட்டதா, எத்தனை நிமிடம் கழித்துப் பிடித்தது. அந்தப் பதற்றத்தில் ஓட்டுகிறவருக்கு எழுத வராது. கூட இருக்கும் வீட்டுக்காரியோ பிள்ளையோ போனில் பேசிப் பதிவு செய்துகொண்டால் போதும். வீட்டுக்கு வந்து தாளில் நிரப்பிக்கொள்ளலாம்.

வெளியே என் வண்டி பானெட் திறந்து நிற்கிறது. கொஞ்சம் ஆறட்டும். அஸர் தொழுதுவிட்டு வாருங்கள், கிராங்க் சென்சார் எங்கே இருக்கிறது, ரிலே பெட்டி எது என்று தொட்டே காட்டுகிறேன். உங்கள் வண்டிகளையும் கொண்டுவந்திருந்தால், பம்ப் சத்தத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்போம்.